கைக்கு எட்டாத பட்டை

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசைக்குப் போனாலும் ஓர் அளவுப் பட்டியலைப் பார்க்கலாம். ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல், த்ரீ எக்ஸ்எல். ஒவ்வொன்றுக்கும் மார்பு எத்தனை, உயரம் எத்தனை, கை எத்தனை என்று சென்டிமீட்டரில் எழுதியிருப்பார்கள். செக்கிங் பார்க்கும் பெண்கள் பீஸை மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, அக்குளுக்குக் கீழே இஞ்ச் டேப்பை வைத்து, துணியை இழுக்காமல் அளப்பார்கள். அளவு பிசகினால் பீஸ் ரிஜெக்ட். எங்கோ ஐரோப்பாவில் இருக்கும் முகம் தெரியாத பெரிய உடம்புக்காரருக்கு அக்குளில் பிடித்துவிடக் கூடாதே என்பதற்காக இத்தனை கவனம்.

அதே கம்பெனியின் முதலுதவி அறையில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால், அதை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கருவியோடு வந்த ஒரே ஒரு பட்டைதான் இருக்கும். துணி உறைக்குள் ஒரு ரப்பர் காற்றுப்பை. அந்தப் பை மேற்கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் பட்டை 27 முதல் 34 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கானது. கை 40 சென்டிமீட்டர் என்றால் பை அந்த அளவுக்குச் சுற்றி வராது. இரத்தக் குழாயை அமுக்கி நிறுத்த அதற்குக் கூடுதல் காற்று தேவைப்படும். கருவி அந்தக் கூடுதலையும் நோயாளியின் பிரஷர் என்று எண்ணிக் காட்டிவிடும்.

எவ்வளவு கூடுதலாகக் காட்டும்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 195 பேரிடம் இதை அளந்து 2023-ல் வெளியிட்டார்கள். எக்ஸ்எல் பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளி கூடிவிட்டது. 120 இருப்பவருக்கு 140 என்று காட்டினால் தேவையில்லாமல் ஒரு மாத்திரை சேரும். அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அவசர நேரத்தில் இதே பிழை எதிர்ப்பக்கமாக அடிக்கும். உள்ளுக்குள் இரத்தம் கசிந்தோ கிருமித் தொற்று முற்றியோ பிரஷர் 85-க்கு இறங்கிவிட்ட ஒருவருக்குக் கருவி 105 என்று காட்டும். பக்கத்தில் நிற்பவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். உயிர் போகும் வேகத்தை ஒரு பட்டை மறைத்துவிடுகிறது.

அவசர சிகிச்சையின் கருவிகள், மருந்தளவுகள், ஸ்ட்ரெச்சர்கள், ஏன் படிக்கட்டுகள்கூட, மீடியம் சைஸ் உடம்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த அளவுக்கு வெளியே இருக்கும் ஒருவர் மயங்கி விழும்போது முதல் அரை மணி நேரத்தில் என்னென்ன தவறிப்போகிறது, அதில் எதையெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களே சரிசெய்யலாம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

உடல் பருமன் என்றதும் பத்திரிகைச் செய்திகள்தான் நினைவுக்கு வரும். 2017 பிப்ரவரியில், ஏறக்குறைய 500 கிலோ எடை இருந்ததாகச் சொல்லப்பட்ட எகிப்துப் பெண் ஒருவரைச் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்து, கிரேன் வைத்துக் கட்டிலோடு தூக்கி சைஃபி மருத்துவமனைக்குள் சேர்த்தார்கள். 2023 செப்டம்பரில் தானே நகரில் 160 கிலோ எடையுள்ள மூதாட்டி கட்டிலிலிருந்து விழுந்துவிட, வீட்டாரால் தூக்க முடியாமல் மாநகராட்சியின் பேரிடர் மேலாண்மைக் குழுவை அழைத்தார்கள். குழு வந்து அவரைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தது. இவை உண்மைதான். ஆனால் இந்தப் படங்களே மனத்தில் நின்றுவிடுவதால், பக்கத்துப் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் 92 கிலோ அண்ணனை நாம் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவரைச் சேர்த்தே ஆக வேண்டும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும், உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கில் 25-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில், 2015-16-ல், இது 30.9, 28.2 சதவீதமாக இருந்தது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 64 கிலோவைத் தொட்டாலே இந்தக் கணக்கில் வந்துவிடுவார்.

நம் உடம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்தியருக்குக் கொழுப்பு முதலில் வயிற்றில் சேருகிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வும் இதையே காட்டியது: நாட்டில் பொதுவான பருமன் 28.6 சதவீதம், தொப்பைப் பருமன் 39.5 சதவீதம். காலை எட்டரைக்கு ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எழுந்திருக்கிறவருக்கு, இடையில் சர்க்கரை தூக்கலான டீயும் பேக்கரிப் பலகாரமுமே ஓய்வு. பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர் எழுந்து நடந்தால் கூலி குறையும். அவர் தொப்பையைச் சோம்பேறித்தனத்தின் அடையாளம் என்று பேசுகிறவர்கள் அந்த மெஷின் முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு நெஞ்சு அடைக்கும்போது முதலில் கேட்கும் சொல் 'கேஸ்'. "கேஸ் ட்ரபுளா இருக்கும்ணே, ஒரு சோடா குடிங்க." சோடாவில் கால் மணி, இஞ்சி மொரப்பாவில் கால் மணி, படுத்துப் பார்ப்பதில் அரை மணி. சர்க்கரை நோயும் பருமனும் சேர்ந்தவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு பல நேரம் வலியே இல்லாமல் மூச்சு வாங்கலாக, வியர்வையாக, குமட்டலாக வரும். பெரிய உடம்புக்காரர் மூச்சு வாங்கினால், "எப்பவும் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். நேற்று ஏறிய அதே படியில் இன்று கூடுதலாக மூச்சு வாங்கினால் அது எடையின் வேலை அல்ல. எடை ஒரே இரவில் ஏறாது.

அடுத்த தவறு அன்பினால் நடக்கிறது. "படுங்கண்ணே, படுங்க" என்று தரையில் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள்.

நிமிர்ந்து இருக்கும்போது உதரவிதானம் என்கிற தசைத் தகடு கீழே இறங்கி நுரையீரலுக்கு இடம் கொடுக்கும். மல்லாக்கப் படுத்தால் வயிற்றின் பாரம் முழுவதும் அந்தத் தகட்டை மேலே தள்ளும். மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் தங்கியிருக்கும் காற்றுதான் நம்முடைய இருப்பு, அது சுருங்கிப்போகும். பெரிய உடம்பு சும்மா இருக்கும்போதே கூடுதல் ஆக்சிஜன் செலவழிக்கும். இருப்பு குறைவு, செலவு அதிகம். அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் ஜொனாதன் பெனுமோஃபும் அவர் குழுவினரும் 1997-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். நன்றாக ஆக்சிஜன் கொடுத்த பிறகு மூச்சு நின்றுபோனால், இரத்த ஆக்சிஜன் 90 சதவீதத்துக்கு இறங்க நடுத்தர உடம்புக்காரருக்கு ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும். 127 கிலோ எடையுள்ளவருக்கு 3 நிமிடத்துக்கும் குறைவு. தொண்டையில் குழாய் போடும் மருத்துவருக்குக் கிடைக்கிற மொத்த அவகாசமே அவ்வளவுதான்.

அந்த அவகாசத்தைக் கூட்டும் வழி மிக எளியது. ஆஸ்திரேலியாவில் 2005-ல் கடும் பருமன் உள்ள 42 பேரிடம் செய்த ஆய்வில், மேசையைத் தலைப்பக்கம் 25 டிகிரி உயர்த்தியபோது அவகாசம் சராசரியாக 155 நொடியிலிருந்து 201 நொடியானது. ஒரு பைசா செலவில்லாமல் 46 நொடி. மருத்துவமனைகளில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோவார்கள்: மடித்த போர்வைகளை முதுகின் நடுவிலிருந்து தோள், தலை வரை சரிவாக அடுக்குவார்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் குழியும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். தலைக்கு மட்டும் தலையணை வைத்தால் கழுத்து மடங்கி மூச்சுப்பாதை அடைபடும். சரிவு முதுகிலிருந்து தொடங்க வேண்டும்.

திருப்பூரில் இதற்குப் போர்வை தேடி ஓட வேண்டாம். கட்டிங் பீஸ் கட்டுகளும் மடித்த துணியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நினைவோடு இருப்பவரைச் சுவரில் சாய்த்து உட்கார வையுங்கள், முதுகுக்குப் பின்னால் துணிக்கட்டுகளைச் சரிவாக அடுக்குங்கள், அவருக்கு எது வசதி என்று அவரையே கேளுங்கள். மயங்கியவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். வயிறு ஒருபக்கம் சரிந்து நெஞ்சுக்கு இடம் விடும்.

மூச்சும் பேச்சும் நின்றுவிட்டால் மேலே சொன்னது எதுவும் செல்லாது. உடனே தட்டையான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். பெரிய உடம்புக்கு வேறு முறை என்று ஒன்று இல்லை. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகம், 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். சரிந்த மார்பு உள்ளவர்களிடம் மார்புக் காம்பை அடையாளமாக வைத்தால் இடம் தப்பும். நெஞ்செலும்பை விரலால் தடவிப் பார்த்தே கை வைக்க வேண்டும். அழுத்துபவர் சீக்கிரம் களைத்துவிடுவார் என்பதுதான் வித்தியாசம். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். லைன் முழுக்க ஆள் நிற்கிற கம்பெனியில் இதற்குப் பஞ்சமில்லை. நான்கு பேரை வரிசையாக மண்டியிட வைப்பதற்கு ஒரு சூப்பர்வைசர் குரல் போதும்.

அதற்குள் 108-க்குச் சொல்லியிருப்போம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தச் சேவை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. வண்டியில் வருபவர்கள் பொதுவாக இரண்டே பேர்: ஒரு மருத்துவ உதவியாளர், ஒரு பைலட். நோயாளியைத் தூக்கும் பணியாளர் ஒருவர் மீது, நல்ல வசதியான நிலையிலும், 16 கிலோவுக்கு மேல் பாரம் விழக் கூடாது என்பது அமெரிக்கப் பணிநல ஆய்வாளர்கள் சொல்லும் வரம்பு. 110 கிலோ எடையை இருவர் தூக்கினால் ஆளுக்கு 55. அதுவும் இரண்டாவது மாடியிலிருந்து, திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் மடங்காத படிக்கட்டில், பக்கவாட்டில் பாக்ஸ் அடுக்கியிருக்கும் வழியில்.

தூக்குவதற்கு ஆள் மட்டும் போதாது, துணியும் சரியாக இருக்க வேண்டும். பனியன் துணியில் யாரையும் தூக்கக் கூடாது. வளையங்களாகப் பின்னிய துணி பாரம் ஏறியதும் நீளும். நடுவில் தொங்கி நோயாளியின் முகவாய் நெஞ்சில் இடிக்கும், மூச்சு அடைபடும். குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணிதான் தாங்கும். பவானி ஜமுக்காளம் ஒன்று அருமையான பொருள். இரு ஓரங்களையும் உடம்பை ஒட்டிச் சுருட்டிக்கொண்டு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர் பிடித்தால் பாரம் பிரிந்துவிடும். படி இறங்கும்போது கால் முன்னே, தலை மேலே. விழுந்து அடிபட்டுக் கழுத்து, முதுகு பற்றிச் சந்தேகம் இருந்தால் 108 ஆட்கள் வரும்வரை அசைக்க வேண்டாம். தூக்குகிறபோது "அப்பா, என்ன வெயிட்டு" என்று ஒருவர் சொல்லுவார், இரண்டு பேர் சிரிப்பார்கள். நோயாளிக்குக் காது கேட்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே அடுத்தமுறை வலி வந்தால் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

வெயில் காலத்தில் அயர்னிங் பிரிவில் விழுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருத்த உடம்பு சூட்டை வெளியேற்றச் சிரமப்படும். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் வண்டி வரும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த இடத்திலேயே குளிர வைக்க வேண்டும். தண்ணீரை மேலே ஊற்றி, நனைத்த பருத்தித் துணியைப் போர்த்தி, ஃபேனைத் திருப்பிவிடுங்கள். துணி சூடேறினால் மாற்றுங்கள்.

மருத்துவமனைக்குள் போன பிறகு வேறு வகைச் சிக்கல்கள். "நரம்பே கிடைக்கலைங்க" என்று நர்ஸ் கையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். ஸ்கேன் கருவியால் இரத்தக் குழாயைத் தேடிக் குத்தலாம்; அதற்கும் நேரமில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசி செலுத்தி மருந்து கொடுக்கலாம். இ.சி.ஜி. எடுக்கும்போது பெண்களுக்கு இடது மார்பைத் தூக்கி அதன் அடியில் ஒட்ட வேண்டியதைக் கூச்சத்தால் மேலேயே ஒட்டிவிட்டால் படம் தவறாகப் பேசும்.

மருந்தளவுதான் இதில் நுட்பமானது. எடை இரண்டு மடங்கு என்றால் மருந்தும் இரண்டு மடங்கு என்ற கணக்கு செல்லாது. கொழுப்புத் திசுவுக்கு இரத்த ஓட்டம் குறைவு. தசையைத் தளர்த்தும் ஒரு மருந்தை மொத்த எடைக்குக் கொடுப்பார்கள். அதே வேலையைச் செய்யும் இன்னொரு மருந்தை உயரத்துக்கு ஏற்ற எடைக்குத்தான் கொடுக்க வேண்டும். மாரடைப்பில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் 60 கிலோவுக்குக் கீழே 30 மில்லிகிராம், பிறகு பத்துப் பத்துக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கூடும், 90 கிலோவில் 50-ஐத் தொட்டு நின்றுவிடும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் எல்லாருக்கும் 15 லட்சம் யூனிட்.

வென்டிலேட்டரில் வைக்கும்போது எடையை மறந்தே விட வேண்டும். உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருக்காது. அது உயரத்தோடு நின்றுவிட்டது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 55 கிலோ இருந்தாலும் 110 கிலோ இருந்தாலும் நுரையீரல் ஒன்றுதான். நுரையீரல் புண்பட்டவருக்குக் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்று 2000-ல் வந்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வு சொல்வது உயரத்திலிருந்து கணக்கிட்ட எடையைத்தான். அந்தப் பெண்ணுக்கு ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 315 மில்லிலிட்டர். 110 கிலோவைப் பார்த்து 660 கொடுத்தால் நுரையீரல் கிழிபடும்.

தாராபுரம் சாலையில் உள்ள அரசு மருத்துவமனை இப்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. 2023 முதல் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில், மாரடைப்பு என்று தெரிந்தால் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் அடோர்வாஸ்டாட்டினும் முதல் தவணையாகக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் நடக்கிறது. மருத்துவமனைப் பக்கம் ஏற்பாடுகள் வளர்ந்திருக்கின்றன. அந்த வாசலுக்கு வந்து சேரும் வரையிலான நேரம்தான் இன்னும் நம் கையில் கிடக்கிறது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், 500 பேருக்கு மேல் இருந்தால் முதலுதவி அறையும் வேண்டும் என்று எழுதியது. அந்தப் பெட்டியில் பெரிய கைக்கான பட்டை ஒன்றும், அறையில் ஜமுக்காளம் ஒன்றும் சேர்க்க ஒரு டஜன் டி-ஷர்ட் விலைகூட ஆகாது. கம்பெனி நடத்துபவர்கள் இதை இந்த மாதமே செய்யலாம். சரக்கு லிப்ட் ஆளை ஏற்றத் தகுதியானதா, படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்பதையும் ஒருநாள் நடந்து பார்த்துவிடலாம். இஞ்ச் டேப் எல்லா மேசையிலும் இருக்கிறது. மேற்கை 34 சென்டிமீட்டரைத் தாண்டியவர்கள், இடுப்பு ஆண்களுக்கு 90-ஐயும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டியவர்கள் அந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். பிரஷர் பார்க்கும்போது பெரிய பட்டையைக் கேட்டு வாங்கட்டும்.

108-ஐ அழைக்கும்போது இடத்தைச் சொன்னதும் எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, படுத்தால் மூச்சுத் திணறுகிறதா, தூக்குவதற்கு எத்தனை பேர் தயாராக நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எடையையும் சொல்லுங்கள். கூச்சப்பட்டு அதில் ஒரு கிலோகூடக் குறைத்துச் சொல்லாதீர்கள். சில மருந்துகளின் அளவு அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகிறது.